அங்கோர் செல்வோர் கவனத்திற்கு: பான்டே ஸ்ரீ கோயிலுக்குத் தனிச் சீட்டு வாங்கத் தேவையில்லை

கடந்த ஆண்டு இறுதியில் நானும் என் தம்பியும் கம்போடியாவின் சியம் ரீப் நகருக்குச் சென்றிருந்தோம். அவன் வரலாறு படிப்பவன். அங்கோர் கோயில்களைக் காண வேண்டும் என்பது அவனுடைய பல வருட ஆசை. அதற்காக இருவரும் இரண்டு ஆண்டுகள் பணம் சேர்த்தோம். சிக்கனமாகச் செல்பவர்களைக் குறிவைத்து நடக்கும் ஒரு ஏமாற்று வேலையில் நாங்கள் 40 டாலரை இழந்தோம். அது நடந்த விதத்தை அடுத்துச் செல்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக விரிவாக எழுதுகிறேன்.

அங்கோர் வளாகத்திற்கான நுழைவுச்சீட்டு நாங்கள் சென்றபோது ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62 டாலர், ஏழு நாளுக்கு 72 டாலர். மூன்று நாள் சீட்டை அடுத்தடுத்த நாள்களில்தான் பயன்படுத்த வேண்டும் என்பதில்லை; பத்து நாள்களுக்குள் எந்த மூன்று நாளிலும் செல்லலாம். நகர மையத்திலிருந்து சுமார் 4 கி.மீ. தொலைவில் உள்ள அலுவலகத்தில், நம்மைப் படம் பிடித்து அந்தப் படத்துடனேயே சீட்டை அச்சிட்டுத் தருகிறார்கள். மாலை 5 மணிக்குப் பிறகு மறுநாளுக்கான சீட்டை வாங்கினால், அன்றைய அந்தி வேளையிலும் உள்ளே சென்று வரலாம். இவை அனைத்தையும் நாங்கள் முன்னரே படித்து வைத்திருந்தோம். ஆனால் அந்தச் சீட்டில் எந்தெந்தக் கோயில்கள் அடங்கும் என்பதை மட்டும் சரிபார்க்கத் தவறிவிட்டோம்.

நாங்கள் தங்கிய விடுதியின் வரவேற்பறையில் இருந்தவர் ஒரு டுக்டுக் ஓட்டுநரை அறிமுகப்படுத்தினார். மூன்று நாளுக்கு 55 டாலர், பான்டே ஸ்ரீ கோயிலும் அதில் சேர்த்தி என்று வாய்மொழியாகப் பேசி முடித்தோம். முதல் நாள் எந்தக் குறையும் இல்லை. விடியற்காலையில் அங்கோர் வாட், பிறகு பாயோன், மரங்களின் வேர்கள் கற்சுவர்களைத் தழுவி நிற்கும் தா புரோம் என்று பொறுமையாகவே அழைத்துச் சென்றார். அந்த நம்பிக்கையில்தான் மறுநாள் அவர் சொன்னதைக் கேள்வி கேட்காமல் ஏற்றோம்.

இரண்டாம் நாள் பான்டே ஸ்ரீக்குப் புறப்பட்டுப் பாதி வழி சென்றதும் வண்டியை நிறுத்தினார். அந்தக் கோயில் அங்கோர் சீட்டில் அடங்காது, ஆளுக்கு 20 டாலர் தனிக் கட்டணம், அங்கே வரிசை நீளமாக இருக்கும், தாமே முன்கூட்டி வாங்கித் தருகிறேன் என்றார். இந்தப் பொய் எங்களுக்கு உண்மைபோலத் தோன்றியதற்குக் காரணம் இருந்தது. அதே திசையில் உள்ள குலேன் மலைக்கு வெளிநாட்டவருக்கு உண்மையிலேயே 20 டாலர் தனிக் கட்டணம் உண்டு என்று படித்திருந்தோம். அதுவும் இதுவும் ஒன்றுதான் என்று எண்ணிப் பணத்தைக் கொடுத்தோம். அருகிலிருந்த கடைக்குள் சென்று, கம்போடிய மொழியான கெமரின் எழுத்தில் அச்சிட்ட இரண்டு சிறு தாள்களுடன் திரும்பி வந்தார்.

கோயில் வாசலில் இருந்த பெண் அலுவலர் அந்தத் தாள்களை வாங்கவே இல்லை. எங்கள் மூன்று நாள் சீட்டை மட்டும் பார்த்துவிட்டு உள்ளே போகச் சொன்னார். நான் தாள்களை நீட்டியபோது அவர் படித்துப் பார்த்து, இவை வாகன நிறுத்தத்தின் பழைய ரசீதுகள், பான்டே ஸ்ரீக்கு உங்கள் அங்கோர் சீட்டே போதுமானது என்றார்.

அதன் பிறகு அந்தக் கோயிலை நாங்கள் பார்த்த விதம் எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. 967ஆம் ஆண்டில் பிரதிட்டை செய்யப்பட்ட சிறிய சிவன் கோயில் அது. செந்நிறக் கல்லில், மரச் செதுக்கலுக்கு ஈடான நுணுக்கத்துடன், இராவணன் கயிலையை அசைக்கும் காட்சி இருக்கிறது. ஆடும் சிவனின் காலடியில் அமர்ந்திருக்கும் எலும்புருவான பெண்ணைக் காரைக்கால் அம்மையார் என ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். தம்பி இத்தனை தூரம் வந்ததே அந்த ஒரு சிற்பத்திற்காக. அதன் முன்னால் நின்றுகொண்டு நாங்கள் 40 டாலரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

திரும்பும் வழியில் கேட்டபோது, அது காவலர்களுக்கான பணம் என்று ஓட்டுநர் மாற்றிச் சொன்னார். விடுதியில் முறையிட்டோம், அது உங்களுக்கும் ஓட்டுநருக்கும் இடையிலான விவகாரம் என்று முடித்துவிட்டார்கள்.

எனவே செல்பவர்கள் ஒன்று செய்யுங்கள். பேரம் பேசும்போதே கோயில்களின் பெயர்களையும் மொத்தத் தொகையையும் தாளில் எழுதி ஓட்டுநரிடம் காட்டுங்கள். வழியில் யார் கட்டணம் கேட்டாலும், கோயில் வாசலில் உள்ள அலுவலரிடம் கேட்ட பிறகே கொடுங்கள். மூன்றாம் நாள் நாங்கள் கைபேசிச் செயலி மூலம் வேறொரு டுக்டுக்கை அழைத்தோம். ஏறும் முன்பே கட்டணம் திரையில் தெரிந்தது. ரொலுவோஸில் உள்ள, 881ஆம் ஆண்டைச் சேர்ந்த பாகோங் கோயிலுக்குச் சென்று வந்தோம், கூடுதலாக ஒரு காசும் கேட்கப்படவில்லை.

ஆனால் கையிருப்பு குறைந்துவிட்டது. நோம் பென்னில் ஒருநாள் தங்கி, அங்கோர் சிற்பங்களின் மூலப் படைப்புகள் வைக்கப்பட்டுள்ள தேசிய அருங்காட்சியகத்தைப் பார்ப்பது என்ற திட்டத்தைத் தம்பியே முன்வந்து கைவிட்டான்.