பாசஞ்சர் தடத்துக்கு எந்த வண்டி? தெற்கு ரயில்வேயின் மெமு, டெமு, லோகோ ரேக்குகள்: ஓர் ஒப்பீட்டு அலசல்

தெற்கு ரயில்வேயின் குறுந்தூர, முன்பதிவில்லாத வண்டிகள் மூன்று வகை ரேக்குகளைக் (ஒரே வண்டியாகக் கோத்த பெட்டித் தொடர்களை) கொண்டு ஓடுகின்றன. லோகோ, அதாவது தனி இன்ஜின், இழுத்துச் செல்லும் பழைய ஐ.சி.எஃப். (பெரம்பூர் ரயில் பெட்டி ஆலை) பெட்டிகள் ஒரு வகை. தனி லோகோ இல்லாமல், தன் பெட்டியிலேயே உள்ள இன்ஜினால் டீசலில் ஓடும் டெமு இரண்டாவது. அதேபோலத் தன் பெட்டியிலுள்ள மோட்டாரால் மின்சாரத்தில் ஓடும் மெமு மூன்றாவது. மெமுதான் நவீனம், மற்றவை மெதுவாக ஒழிய வேண்டியவை என்பது பொதுவான எண்ணம். டெமுவைப் பொறுத்தவரை எனக்கும் அதே கருத்துதான். ஆனால் லோகோ ரேக்கை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது என்பதே இந்த ஒப்பீட்டில் நான் வந்து சேரும் முடிவு.

மெமுவின் அருமை ஓட்டத்தைக் காட்டிலும் கடைசி நிலையத்தில்தான் நன்றாகத் தெரியும். லோகோ வண்டி வந்து நின்றதும் லோகோவைக் கழற்றி, பக்கத்துத் தடம் வழியாகச் சுற்றிக் கொண்டுவந்து, மறுமுனையில் கோத்து, பிரேக் குழாய்களை இணைத்து, கடைசிப் பெட்டி வரை காற்றழுத்தம் சரியாகச் சென்று சேர்கிறதா என்று சோதித்த பிறகே திரும்பப் புறப்பட இயலும். அதற்கு ஆளும் வேண்டும், காலியாக ஒரு தடமும் வேண்டும். மெமுவிலும் டெமுவிலும் இரு முனைகளிலும் ஓட்டுநர் அறை இருப்பதால், லோகோ பைலட் நடைமேடையில் நடந்து மறுமுனைக்குப் போய் ஏறிக்கொண்டால் வேலை முடிந்தது. கோயம்புத்தூர் – மேட்டுப்பாளையம் போன்ற 36 கிலோமீட்டர் தடத்தில், ஒரே ரேக் நாள் முழுவதும் போய் வந்துகொண்டிருக்கும் சேவைக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை.

மெமு சட்டென வேகம் எடுக்கும், லோகோ வண்டி தவழ்ந்து கிளம்பும் என்று அடிக்கடி சொல்லப்படுவதைச் சற்று நிதானித்துத்தான் ஏற்க வேண்டும். வழக்கமான மெமுவில் ஒரு மோட்டார் பெட்டியும் மோட்டார் இல்லாத மூன்று டிரெய்லர் பெட்டிகளும் சேர்ந்தது ஓர் அலகு. எட்டுப் பெட்டி வண்டி என்றால் இழுக்கும் பெட்டிகள் இரண்டே. மறுபுறம், 6000 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டபிள்யூ.ஏ.பி.-7 மின்சார லோகோவைப் பத்துப் பெட்டி பாசஞ்சரில் கோத்தால், கிளம்பும் வேகத்தில் அது மெமுவுக்குச் சளைத்ததல்ல. அத்தகைய லோகோவை எக்ஸ்பிரஸ் வண்டிகளிலிருந்து பிடுங்கி, ஐந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை நிற்கும் வண்டிக்குக் கொடுப்பதுதான் வீண். ஆகவே மெமுவுக்கான உண்மையான வாதம், அது ஒரு லோகோவை வேறு வேலைக்கு விடுவிக்கிறது என்பதாகும். மூன்று கட்ட மின்னோட்ட மோட்டார்கள் கொண்ட புதிய வகை மெமுவாக இருந்தால், பிரேக் போடும்போதெல்லாம் மின்சாரத்தின் ஒரு பகுதியை மேல்கம்பிக்கே திருப்பி அனுப்புவதும் அதன் கணக்கில் சேரும்.

டெமுவின் காலம் மின்கம்பி இல்லாத தடங்களின் காலம். இன்ஜினும் ஜெனரேட்டரும் பவர் காரில் ஒரு பகுதியை அடைத்துக்கொள்வதால் அந்தப் பெட்டியில் இருக்கைகள் குறையும். இரைச்சலும் வெப்பமும் அடுத்த தடுப்பு வரை வரும். ஆயினும் அகலப்பாதையாக்கப்பட்ட கிளைத் தடங்களில் முதலில் வந்து நின்றது டெமுதான். 2019 ஜூன் மாதம் திருவாரூர் – காரைக்குடி இடையே தொடங்கிய டெமு, சுமார் 150 கிலோமீட்டரைக் கடக்க ஆறு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது. இதற்காக டெமுவைத் திட்டியவர்கள் பலர். உண்மையில் அந்தத் தடத்தின் லெவல் கிராசிங்குகளுக்குப் போதிய கேட்கீப்பர்கள் நியமிக்கப்படாததால், அவர்கள் வண்டியிலேயே பயணம் செய்தனர். ஒவ்வொரு கேட்டுக்கு முன்பும் வண்டி நிற்க, ஒருவர் இறங்கி கேட்டை மூட, வண்டி கடந்து மீண்டும் நிற்க, கேட்டைத் திறந்துவிட்டு ஏறிக்கொள்ள வேண்டியிருந்தது. அங்கே வந்தே பாரத்தை விட்டிருந்தாலும் அதே ஆறு மணி நேரம்தான். அதற்காக டெமுவை நீடிக்கச் செய்ய வேண்டுமென்பதில்லை. தலைக்கு மேல் 25 கிலோவோல்ட் கம்பி ஓடும் தடத்தில் டீசலை எரிப்பதற்கு நியாயமே கிடையாது.

பயணியின் கோணம் வேறு. மெமுவின் வாசல் அகலமானது, புறநகர் மின்வண்டியைப் போல உயர்ந்த நடைமேடை இல்லாவிட்டாலும் ஏறுவதற்குப் படிகள் உண்டு, கழிப்பறையும் உண்டு. கூடையோடும் மூட்டையோடும் ஏறுபவருக்கு இது பெரிய வசதி. ஆனால் அதன் இருக்கைகள் ஒன்றரை, இரண்டு மணி நேரப் பயணத்துக்கானவை. சென்னை கடற்கரை – வேலூர் கண்டோன்மென்ட் மெமுவை 2024 மே மாதம் திருவண்ணாமலை வரை நீட்டித்தபோது, நெடுங்காலமாக நேரடி வண்டி கேட்டுவந்த மக்கள் மகிழ்ந்தார்கள். மகிழ்ச்சி நியாயமானதே, 50 ரூபாய்க்குத் திருவண்ணாமலை போக அப்போது வேறு வழியேது? எனினும் மாலையில் ஏறி நள்ளிரவில் இறங்கும் ஆறு மணி நேரத்தை அந்த இருக்கையில் கழிப்பதைவிட, மேல்தட்டில் கொஞ்சம் சாய்ந்துகொள்ளவாவது இடமளிக்கும் பழைய பொதுப் பெட்டியே வயதானவர்களுக்கு மேல்.

கூட்டத்துக்கு ஏற்ப வளைந்து கொடுப்பதிலும் லோகோ ரேக்கே முந்துகிறது. பௌர்ணமிக்கோ பொங்கலுக்கோ இரண்டு பெட்டி கூடுதலாக வேண்டுமென்றால் கோத்துக்கொள்ளலாம். மெமுவை அப்படி நீட்ட முழு அலகையே சேர்க்க வேண்டும், எட்டு பன்னிரண்டாகும். லோகோ பழுதானால் அருகிலுள்ள வேறொரு லோகோவை அனுப்பிச் சமாளிக்கலாம். மெமுவின் மோட்டார் பெட்டி பழுதானாலோ ரேக்கே பணிமனைக்குப் போகும், மாற்று ரேக் கையிருப்பில் இல்லாத நாளில் அந்தச் சேவையே ரத்தாகும்.

லோகோ ரேக்கின் பெருங்குறை வயது. பெரம்பூர் ஆலை பழைய ஐ.சி.எஃப். வடிவப் பெட்டிகளின் உற்பத்தியை 2018 ஜனவரியோடு நிறுத்திவிட்டது. பாசஞ்சர்களில் ஓடுபவை பெரும்பாலும் எக்ஸ்பிரஸ்களில் உழைத்துத் தேய்ந்தவை. எனவே நூறு கிலோமீட்டருக்கு உட்பட்ட, மின்மயமான தடங்கள் அனைத்துக்கும் மெமுவையே கொடுத்து, அதற்கு மேற்பட்ட தூரங்களுக்கு லோகோ ரேக்கை, ஐ.சி.எஃப். வடிவத்துக்குப் பதிலாக வந்த எல்.எச்.பி. வடிவப் பொதுப் பெட்டிகளுடன் ஓட்டுவதே சரியான பங்கீடாக எனக்குப் படுகிறது. திருவண்ணாமலை வண்டியை அதில் முதலாவதாக மாற்றலாம்.