வீட்டு நீச்சல் குளம்: கட்டி ஆறு வருடம் ஆன பிறகு

அப்பாவுக்கு முழங்கால் தேய்மானம். நடப்பதைக் குறைத்துக்கொண்டு தண்ணீரில் பயிற்சி செய்யச் சொன்னார் டாக்டர். சென்னையை அடுத்த கோவளம் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் பின்னால் காலி இடம் இருந்தது. அங்கே குளம் கட்டுவது என்று 2019 தொடக்கத்தில் முடிவானது. 24 அடி நீளம், 12 அடி அகலம், ஆழம் மூன்றரை அடியில் தொடங்கி ஐந்து அடி. ஏறக்குறைய 35,000 லிட்டர் பிடிக்கும். இதே யோசனையில் இருப்பவர்களுக்கு உதவட்டும் என்றுதான், கான்ட்ராக்டரைத் தேர்ந்தெடுத்த கதையையும் அவர் கட்டியதில் எது நின்றது, எது நிற்கவில்லை என்பதையும் எழுதுகிறேன்.

மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கினோம். மிகக் குறைந்த தொகை சொன்னவர் போனில் நாற்பது ஐம்பது படங்கள் காட்டினார். எல்லாமே நேற்று கட்டி முடித்த மாதிரி பளபளத்தன. "ஐந்து வருடத்துக்கு முன்னால் நீங்கள் கட்டியது ஒன்றைப் பார்க்கலாமா?" என்று கேட்டேன். வீட்டுக்காரர்கள் ஊரில் இல்லை என்றார். இரண்டாமவர் கொடுத்ததோ ஒரே வரி, ஒரே தொகை. கம்பி எத்தனை எம்எம், கான்கிரீட் என்ன கிரேடு, பம்ப் எத்தனை ஹெச்பி, ஒன்றும் அதில் இல்லை.

மூன்றாமவர்தான் தொகையில் அதிகம். ஆனால் நான் கேட்பதற்கு முன்பே, நீலாங்கரையில் எட்டு வருடம் ஆன ஒரு குளத்துக்கு அழைத்துப் போனார். டைல்ஸ் நிறம் மங்கியிருந்தது, ஒன்றுகூடப் பெயரவில்லை. அந்த வீட்டு அம்மா, "மோட்டார் ரெண்டு தடவை போச்சு. போன் பண்ணா வந்துடுவாரு" என்றார். எனக்கு அந்த வார்த்தை போதுமானதாக இருந்தது.

அவர் கொடுத்த விவரத்தில் எம்30 கான்கிரீட், அடியில் சற்று இடைவெளி விட்டு இரண்டு வடிகால், 12 வோல்ட் விளக்கு, கரண்ட் கசிந்தால் உடனே துண்டித்துவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி என்று தனித்தனியாக எழுதியிருந்தது. வடிகால் ஏன் இரண்டு என்று கேட்டேன். ஒரே வடிகால் என்றால் குழந்தையின் முடியோ உடம்போ அதில் சிக்கும்போது பம்பின் இழுப்பு முழுவதும் அந்த ஒரு இடத்தில் விழும், விடுவிப்பதே கஷ்டம். இரண்டு இருந்தால் இழுப்பு மற்றொன்றுக்குப் போய்விடும். வீட்டில் பேரப்பிள்ளைகள் உண்டா என்று அவர் முதலிலேயே விசாரித்த காரணம் அப்போதுதான் புரிந்தது.

பணத்தை வேலை நகர நகரக் கொடுத்தோம். கடைசிப் பத்து சதவீதத்தை ஒரு மழைக்காலம் தாண்டியதும் தருகிறேன் என்றேன். முகம் சுளிக்காமல் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கான்கிரீட் முடிந்தது ஜூனில். அந்த வருடம் சென்னை தண்ணீருக்கு என்ன பாடுபட்டது என்று எல்லோருக்கும் தெரியும். குடிக்கவே லாரிக்குக் காத்திருந்த நேரத்தில் மூன்று லாரித் தண்ணீரைக் குழியில் ஊற்ற எங்கள் யாருக்கும் மனசு வரவில்லை. டைல்ஸை ஒட்டிவிடுங்கள், தண்ணீரைப் பிறகு விட்டுக்கொள்ளலாம் என்றேன். அவர் மறுத்துவிட்டார். "சார், டைல்ஸ் ஒட்டிட்டா ஒழுகுதா இல்லையான்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் காத்திருக்கேன்." சோதனை முடிந்தால்தான் அவருக்கு அடுத்த தவணை. அக்டோபர் வரை காத்திருந்தார்.

மழை பெய்து போர்வெல் ஊறிய பிறகு குளத்தை நிரப்பினோம். ஒரு நீல வாளியில் தண்ணீர் ஊற்றிக் குளத்துப் படிமேல் வைத்தார். வாளிக்கு உள்ளே தண்ணீர் நின்ற மட்டத்தில் ஒரு பென்சில் கோடு, வெளியே குளத்து மட்டத்தில் ஒரு கோடு. வெயிலில் ஆவியாவது இரண்டுக்கும் ஒன்றுதான். வெளியே கூடுதலாக இறங்கினால் கசிவு. மறுநாள் காலையில் பார்த்தால் வாளியில் ஒரு நூல் இறங்கியிருந்தது, குளத்தில் ஒரு அங்குலத்துக்கு மேல். சுவரில் குழாய் நுழையும் இடத்தில் கசிந்திருக்கிறது. தண்ணீரை இறக்கி, அங்கே கொத்தி, காய்ந்தாலும் சுருங்காத சிமென்ட் கலவை (க்ரௌட்) வைத்து அடைத்து, திரும்ப நிரப்பி ஏழு நாள் பார்த்தார். அதற்கப்புறம்தான் வாட்டர் ப்ரூஃபிங், டைல்ஸ் எல்லாம். ஒரு ரூபாய் கூடுதலாகக் கேட்கவில்லை.

குறையும் உண்டு. பம்ப் அறையைத் தரைக்குக் கீழே குழியாக வைத்தது தப்பு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அது நிரம்பி மோட்டார் எரிந்துபோனது. மேடாக்கிக் கட்டியிருக்க வேண்டும், தன் தவறுதான் என்று ஒப்புக்கொண்டார். தண்ணீர் வடிந்த வாரத்திலேயே ஆள் அனுப்பி மேடை கட்டிக் கொடுத்தார், மோட்டார் செலவு மட்டும் எங்களுடையது. ஏணிக்கு 304 ஸ்டீல் போட்டிருந்தார். கடல் காற்றில் இரண்டே வருடத்தில் துரு. கடலோரம் இருப்பவர்கள் உப்புக் காற்றை இன்னும் நன்றாகத் தாங்கும் 316 ஸ்டீல் வேண்டும் என்று அடித்துச் சொல்லுங்கள். கரைக்குக் கறுப்பு கிரானைட் கேட்டது நாங்கள். வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை, மதியத்தில் கால் வைக்க முடியாது.

அவர் சொன்னதில் இன்றும் தவறாமல் கடைப்பிடிப்பது ஒன்று: அக்டோபர் முதல் டிசம்பர் வரை குளத்தைக் காலி செய்யவே கூடாது. எங்கள் மணல் பூமியில் மழைக்கு நிலத்தடி நீர் மேலே ஏறிவிடும். உள்ளே தண்ணீர்ப் பாரம் இல்லாவிட்டால் முழுக் குளத்தையும் கீழிருந்து தூக்கிவிடக்கூடும். 2021 நவம்பரில் சுத்தம் செய்ய வந்த ஆள் மொத்தத்தையும் இறைக்கக் கிளம்பியபோது, நல்ல வேளை, அப்பா தடுத்தார்.

தினமும் பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மை) 7.2இலிருந்து 7.6க்குள், குளோரின் ஒன்றிலிருந்து மூன்று பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), இவ்வளவுதான் எங்கள் வேலை. ஃபில்டர் மணலைப் போன வருடம் மாற்றினோம்.

அந்த நீல வாளி இன்னும் பம்ப் அறையில் இருக்கிறது. மார்ச் மாதம் ஒருநாள் அப்பாவே அதைப் படிமேல் வைத்துக் கோடு போடுவார். இந்த மார்ச்சிலும் வாளியும் குளமும் ஒரே அளவுதான் இறங்கியிருந்தன.