பூவா ஸ்டார்ட்: லென்ஸைத் திருகி வெளியே எடுக்கும் பேக்லைட் கேமரா

பழைய ஜெர்மன் பேக்லைட் (அந்தக் காலத்துக் கெட்டிப் பிளாஸ்டிக்) கேமரா சேர்க்கணும், எதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் பூவா ஸ்டார்ட். டிரெஸ்டன் பக்கத்தில் ஃப்ரைடால் என்ற ஊரில் கார்ல் பூவா 1950களின் தொடக்கத்தில் செய்யத் தொடங்கியது, கிழக்கு ஜெர்மனியில் பள்ளிப் பிள்ளைகளும் வாங்குகிற விலைக்கு விற்றது.

பேக்லைட் நம்ம ஊருக்குப் புதுசு இல்லைங்க. கோயம்புத்தூரில் எந்த மோட்டார் ரீவைண்டிங் பட்டறைக்குப் போனாலும் டெர்மினல் போர்டு அதுதான், பழைய வீடுகளில் இருந்த கறுப்பு உருண்டை சுவிட்சும் அதுதான். சூட்டில் ஒருமுறை இறுகினால் மறுபடி உருகாது, ஆனால் கை தவறினால் நெளியாது, நேராக உடையும்.

இதில் எனக்குப் பிடித்தது அந்த லென்ஸ் குழல். பெரிய மரை போட்ட பேக்லைட் குழலை உள்ளே திருகி வைத்தால் கேமரா பைக்குள் அடங்கிவிடும், படம் எடுக்கும்போது கடைசி வரை வெளியே திருக வேண்டும், பாதியில் விட்டால் படம் மங்கல்தான். அந்த மரை வழுக்கிக்கொண்டு சுற்றுவதைக் கையில் உணர்ந்தால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் திருகிக்கொண்டே இருப்பீர்கள். ஷட்டருக்கு எம், இசட் என்று இரண்டே நிலை: எம்மில் சாதா கிளிக், இசட்டில் விரல் எடுக்கும் வரை திறந்திருக்கும். வெளிச்சத்தை உள்ளே விடும் துளையிலும் வெயில், மேகம் என்று இரண்டே அளவுதான். ஃபோகஸ் கிடையாது.

120 என்ற அகலமான ரோல் ஃபிலிமில் 12 சதுரப் படம். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் எடுத்ததில் நடுவில் நின்ற மரத்தின் பட்டை வரிவரியாகத் தெளிவு, ஓரத்து ஓலையெல்லாம் கலைந்து கிடக்கிறது. சுத்தமான படம் வேண்டும் என்கிறவர்கள் போனிலேயே எடுத்துக்கொள்ளலாம். ஃபிலிமைச் சுற்றாமலே மறுபடி கிளிக் அடிக்க முடியும், அதனால் ஒரே கட்டத்தில் இரண்டு படம் விழும், சில நேரம் அதுவே நன்றாக வரும். ஃபிலிமில் எத்தனையாவது படம் என்ற எண்ணைப் பார்க்க முதுகில் இருக்கும் சிவப்பு ஜன்னலுக்கு மட்டும் ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டுங்கள், நம்ம சித்திரை வெயிலுக்கு அந்தக் கண்ணாடி போதாது.

"ஏனுங்க, நம்மூர் அக்ஃபா கிளிக் த்ரீ பரண்ல கிடக்குது, அது போதாதா?" என்று ஒரு நண்பர் கேட்டார். அதுவும் 120 ஃபிலிம் கேமராதான், பரோடாவில் செய்தது, படமும் மோசமில்லை. ஆனால் திருக ஒன்றும் இல்லையே!

வாங்கும்போது குழலை முழுசாகத் திருகிப் பாருங்கள், சிக்கினால் பலம் போடாதீர்கள். அப்புறம் இருட்டறையில் டார்ச்சை உள்ளே விட்டு மூலைகளில் விரிசல் இருக்கிறதா என்று தேடுங்கள். விற்கிறவர் "லேசான கீறல்தாங்க" என்பார். நகம் மாட்டினால் அது விரிசல், விலையைப் பாதிக்குக் கேளுங்கள், இல்லை விட்டுவிடுங்கள், இது லட்சக்கணக்கில் செய்த கேமரா, இன்னொன்று கிடைக்கும்.