மார்த்தாண்டம் தேன்: பெட்டி வைத்திருப்பவரிடமே கேட்டு வாங்குங்கள்

குமரி மாவட்டத்தில் 1920களில் மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ. (கிறிஸ்தவ இளைஞர் சங்கம்) வழியாக அமெரிக்கரான ஸ்பென்சர் ஹாட்ச் பரப்பிய தேனீ வளர்ப்பு, இன்று அந்த ஊர்ப் பெயரையே தேனுக்குத் தந்திருக்கிறது. 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் குறியீட்டை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். உள்ளூர்த் தேனின் பெரிய லாபம், அதை எடுத்தவரிடமே நாலு கேள்வி கேட்க முடிவதுதான்.

முதலில் சுவை. இந்தத் தேனில் பெரும்பங்கு பூவிலிருந்து வருவதல்ல. குளிர்காலத்தில் இலை உதிர்த்த ரப்பர் மரம் மறுபடி துளிர்க்கும்போது, மூன்று சிற்றிலைகள் சேரும் காம்பு நுனியில் இனிப்பு நீர் கசியும். ஜனவரி முதல் மார்ச் வரை தேனீக்கள் சேர்ப்பது அதைத்தான். அதனால் மணம் மிதமாக இருக்கும். மலைத்தேனின் காரமும் துவர்ப்பும் எதிர்பார்ப்பவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். எலுமிச்சைச் சாற்றிலும் சூரணம் குழைக்கவும் இதுவே நன்றாகச் சேர்கிறது, மற்றதன் சுவையை அமுக்காது.

இனி கேட்க வேண்டியது: "அடை மூடின பிறகு எடுத்ததா?" தேனீ, கொண்டுவந்த நீரைச் சிறகடித்து வற்றவைத்து, பதம் வந்ததும் அறையை மெழுகால் மூடும். பெட்டிக்குள் அடை கட்டும் மரச்சட்டத்தில் முக்கால் பங்காவது மூடியிருந்தால்தான் அது விளைந்த தேன். தேன் வரத்து அதிகமான வாரங்களில் சிலர் அவசரப்பட்டு மூடாத அடையையும் தேன் எடுக்கும் கருவியில் சுற்றி எடுத்துவிடுகிறார்கள். உணவுப் பாதுகாப்பு விதி ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. பெட்டியில் வளர்க்கும் நம் நாட்டு அடுக்குத் தேனீயின் தேன் அதை எளிதில் தாண்டிவிடும். அப்படிப்பட்ட பாட்டிலில் சில வாரங்களில் மேலே நுரை கட்டும், திறந்தால் 'புஸ்' என்று காற்று வரும், புளித்த வாடை அடிக்கும். இது கலப்படமல்ல, பதமில்லாத தேன் நொதித்தது. ஆனாலும் அந்தக் காசு நமக்கு நஷ்டம்தான்.

அடுத்த கேள்வி மழைக்காலத்தைப் பற்றி. ஜூன் முதல் வரத்து குறைவதால், தேனீக் கூட்டம் சாகாமலிருக்க சர்க்கரைப் பாகு வைப்பார்கள். அதில் தப்பில்லை. வரத்து தொடங்கும் முன் அதை நிறுத்தினார்களா, மீதமிருந்த பாகு தேனோடு எடுக்கப்பட்டதா என்பதே கேள்வி. நல்ல வளர்ப்பாளர் தயங்காமல் பதில் சொல்வார். 1990களின் தொடக்கத்தில் தேனீப் புழுக்களைக் கொல்லும் தாய் சாக்புரூட் எனும் வைரஸ் நோய் தென்னிந்தியாவில் பெட்டி பெட்டியாகக் கூட்டங்களை அழித்த பிறகு, இருப்பதைக் காப்பாற்றப் பழகியவர்கள் இவர்கள். கேட்டால் பெட்டியையே திறந்து காட்டுபவர்களும் உண்டு.

தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, தீக்குச்சி கொளுத்துவது, எறும்பு வருகிறதா என்று பார்ப்பது, இவை எதையும் நம்பாதீர்கள். கெட்டியான சர்க்கரைப் பாகும் தண்ணீரில் அடியில்தான் போய் உட்காரும். ஈரம் கூடிய அசல் தேனில் நனைந்த தீக்குச்சி எரியாமல் போகும். கலப்படத்தைக் கண்டுபிடிக்க ஆய்வகம்தான் வழி. வீட்டில் செய்யக்கூடியது தராசு ஒன்றே: தேனின் அடர்த்தி சுமார் 1.4, ஆகவே 750 மில்லி பாட்டிலில் ஒரு கிலோவுக்குச் சற்று மேல் நிற்க வேண்டும். கிலோ விலை கேட்டு, லிட்டர் பாட்டிலோடு ஒப்பிடும்போது இந்தக் கணக்கு நினைவிருக்கட்டும். பாகும் எடை நிற்கும் என்பதால் இது அளவுக்கும் பதத்துக்கும் மட்டும்தான் சாட்சி.

ரப்பர் தேன் சீக்கிரம் உறையும். அடியில் வெள்ளையாக மணல் மணலாகக் கட்டினால் சர்க்கரை கலந்ததாக நினைத்துத் திருப்பிக் கொடுக்காதீர்கள். குளுக்கோஸ் படிவது இயல்பு. கை பொறுக்கும் சூட்டில், 45 டிகிரிக்குள், வெந்நீரில் பாட்டிலை வைத்தால் இளகும். அடுப்பில் நேரடியாக வைத்தால் மணமும் நொதிகளும் போய்விடும்.

உள்ளூர்த் தேன் ஒவ்வாமையைத் தீர்க்கும் என்று விற்பவர்களும் உண்டு. அதற்கு உறுதியான சான்றில்லை. சர்க்கரை நோயாளிக்கு இதுவும் சர்க்கரைதான். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒரு துளியும் நாக்கில் வைக்கக் கூடாது, பாட்டுலிசம் எனும் நச்சு நோய்க்கு அது வழி.

ஏப்ரலில், அந்த ஆண்டின் எடுப்பு முடிந்த கையோடு அரைக் கிலோ வாங்கிப் பாருங்கள். கண்ணாடிப் பாட்டிலில், ஈரமில்லாத கரண்டியோடு வைத்து ஒரு மாதம் கவனியுங்கள். நுரைக்காமல் இருந்தால் அதே ஆளிடம் வருடத்துக்கான தேனைச் சொல்லிவிடலாம்.