டஸ்கலூசா பிரையன்ட் மியூசியம்: ஒரு பி.டி. மாஸ்டர் பார்வையில்

அமெரிக்காவில் அலபாமா பக்கம் பிள்ளைகள் இருக்கிறவர்கள், அங்கே போகும்போது அரை நாள் ஒதுக்கிப் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. டஸ்கலூசா நகரில், அலபாமா பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும், ஃபுட்பால் கோச் பால் பிரையன்ட் பெயரிலான மியூசியம். அவர் பெயரிலேயே உள்ள சாலையில் இருக்கிறது. 1988-இல் திறந்தார்கள். நுழைவுக் கட்டணம் சொற்பம்தான். 1892-இல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழக ஃபுட்பால் அணியின் கதை முழுக்க உள்ளே இருக்கிறது. நான் ஆயுசில் பெரும்பகுதி அரசுப் பள்ளியில் பி.டி. மாஸ்டராக இருந்தவன். கோப்பை யார் வாங்கினான் என்பதைவிட, அவனைத் தயார் செய்தது யார் என்றுதான் எனக்குப் பார்க்கத் தோன்றும். அந்தக் கண்ணோடு போகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய விருந்து கிடைக்காது.

போவதற்கு முன் ஆட்டத்தைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போங்கள். இது நம் கால்பந்து அல்ல. இரு முனையும் கூர்மையான பந்தைக் கையில் ஏந்தி ஓட வேண்டும், எறிந்து பிடிக்க வேண்டும். பக்கத்துக்கு 11 பேர். நாலு முயற்சிக்குள் 10 கெஜம் முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். இந்த அளவு தெரிந்தால் போதும். ஆட்டத்தைவிட முக்கியம், ஐந்தாறு கோச்சுகளின் பெயர். அது தெரியாமல் நுழைந்தால் உடுப்பும் பந்தும் படமும் வெறும் பழைய சாமானாகத்தான் கண்ணில் படும்.

முதல் பெயர் வாலஸ் வேட், 1923-இல் வந்தவர். அந்தக் காலத்தில் தென் மாநில அணிகளை மற்ற பகுதிக்காரர்கள் ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை. 1926 ஜனவரி 1, கலிஃபோர்னியாவில் ரோஸ் பவுல் என்ற பெரிய அழைப்பு ஆட்டம். தெற்கிலிருந்து போய் அந்த ஆட்டத்தில் ஆடிய முதல் அணி அலபாமா. வாஷிங்டன் அணி இடைவேளையில் 12-0 என்று முன்னிலை. மூன்றாவது கால்பகுதியில் மட்டும் அலபாமா 20 புள்ளி எடுத்தது. முடிவு 20-19. அன்று ஓடியவர்களில் ஜானி மேக் பிரவுன் பிற்பாடு ஹாலிவுட்டில் கௌபாய் நடிகராகப் பேர் வாங்கினார்.

அடுத்து ஃபிராங்க் தாமஸ், 1931 முதல் 1946 வரை. நோட்ரே டேம் கல்லூரியில் நூட் ராக்னி என்ற மாமேதையிடம் ஆடிப் பழகியவர். கடைசிப் பருவத்தில் ரத்த அழுத்தம் முற்றி நிற்கக்கூட முடியாமல், வண்டியில் உட்கார்ந்தபடி ஒலிபெருக்கி வழியாகப் பயிற்சி கொடுத்தார். படிக்கும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. இவருடைய 1934 அணியில் ஒரு ஓரத்தில் ஆடியவர் டான் ஹட்சன், அந்தத் தலைமுறையின் தலைசிறந்த பந்து பிடிப்பவர். மறு ஓரத்தில் அர்கன்சாவிலிருந்து வந்த ஏழைப் பையன் ஒருவன். சிறு வயதில் ஊர்த் திரையரங்கில் கரடியோடு மல்லுக்கட்டச் சம்மதித்தவன் என்பதால் கரடி என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. 1935-இல் கால் எலும்பு முறிந்த நிலையிலேயே டென்னசிக்கு எதிராக ஆடினான். அந்தப் பையன்தான் பால் பிரையன்ட். ராக்னியிடம் தாமஸ் கற்றது, தாமஸிடம் பிரையன்ட் கற்றது என்று இந்த வரிசையைப் பிடித்துக்கொண்டால் மியூசியம் தானே விரியும்.

நடுவில் இருண்ட காலம். விட்வொர்த் என்ற கோச்சின் மூன்று வருஷத்தில் வெற்றி 4, தோல்வி 24, சமன் 2. 1955-இல் ஆடிய பத்து ஆட்டமும் தோல்வி. அதற்குப் பிறகுதான் 1958-இல், டெக்சாஸில் கோச்சாக இருந்த பிரையன்டைக் கூப்பிட்டார்கள். தான் படித்த கல்லூரியையே அம்மா என்று சொல்லி, அம்மா கூப்பிட்டால் ஓடித்தானே ஆக வேண்டும் என்று வந்தார். வந்த வருஷமே 5 வெற்றி, முந்தைய மூன்று வருஷமும் சேர்த்துக் கிடைத்ததைவிட அதிகம். 1961-இல் ஆடிய 11 ஆட்டமும் ஜெயம். அந்தப் பருவம் முழுக்க எதிரணிகள் எல்லாம் சேர்ந்து எடுத்தது 25 புள்ளி. மொத்தம் 25 பருவம் அங்கே இருந்து 232 வெற்றி, ஆறு தேசியப் பட்டம்.

அவருடைய அலுவலக அறையை உள்ளே அப்படியே அமைத்து வைத்திருக்கிறார்கள். அந்த அறை சோபாவைப் பற்றி அவரிடம் ஆடியவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள்: உட்கார்ந்தால் உள்ளே அமுங்கிவிடும், மேஜைக்குப் பின்னால் இருப்பவரை அண்ணாந்துதான் பார்க்க முடியும். பையனை எங்கே உட்கார வைத்துப் பேசுவது என்பதும் ஒரு வாத்தியாருக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். இங்கே கூட்டம் மொய்ப்பது கண்ணாடித் தொப்பியைப் பார்க்கத்தான். அவர் மைதானத்தில் போட்டுக்கொண்டு நின்ற கட்டம் போட்ட தொப்பியை அயர்லாந்தின் வாட்டர்ஃபோர்ட் கண்ணாடியில் செதுக்கியிருக்கிறார்கள். துணி நெசவின் ஒவ்வொரு சிறு கட்டமும் தனித்தனியாக வெட்டப்பட்டு, வெளிச்சத்தில் பளபளவென்று ஜொலிக்கிறது.

ஆனால் நான் வெகுநேரம் நின்றது தொப்பியிடம் அல்ல, 1960-களின் கடைசியும் 1970-களின் தொடக்கமும் இருந்த இடத்தில். நீங்களும் அங்கே நிதானமாக நில்லுங்கள். 1963 ஜூன் 11 அன்று இதே வளாகத்தில், ஃபாஸ்டர் அரங்கின் வாசலில், கறுப்பின மாணவர்களை உள்ளே விடமாட்டேன் என்று மாநில ஆளுநரே வழிமறித்து நின்றார். 1961, 1964, 1965 பட்டம் வென்ற அணிகளில் ஒரு கறுப்பினப் பையன்கூட இல்லை. அவ்வளவு செல்வாக்குள்ள கோச் இன்னும் முன்பே கதவைத் திறந்திருக்க வேண்டும் என்பது என் தீர்மானமான எண்ணம். 1969-இல் 5 தோல்வி, 1970-இலும் 5 தோல்வி. 1970 செப்டம்பரில் தென் கலிஃபோர்னியா அணி பர்மிங்காமுக்கே வந்து 42-21 என்று அடித்துவிட்டுப் போனது. சாம் கன்னிங்ஹாம் என்ற கறுப்பின வீரர் 135 கெஜம் ஓடினார். அந்த ஆட்டம்தான் எல்லாவற்றையும் மாற்றியது என்று பலர் கதையாகச் சொல்வார்கள். ஆனால் வில்பர் ஜாக்சன் என்ற கறுப்பினப் பையனை பிரையன்ட் அதற்கு முன்பே சேர்த்துவிட்டிருந்தார். முதலாண்டு மாணவர் ஆட அன்று அனுமதி இல்லை, அவ்வளவுதான்.

மறு வருஷக் கோடையில் பிரையன்ட் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. டெக்சாஸ் கோச் டாரல் ராயலிடம் போய் விஷ்போன் என்ற புதுத் தாக்குதல் முறையைக் கற்றுக்கொண்டார். அதை யாருக்கும் தெரியாமல் பழக்கினார். 1971 செப்டம்பர் 10 அன்று, தன் 58-ஆவது பிறந்தநாளுக்கு முந்தின நாள், லாஸ் ஏஞ்சலஸ் போய் அதே தென் கலிஃபோர்னியா அணியை 17-10 என்று ஜெயித்தார். அன்று களத்தில் ஜான் மிச்செல் இருந்தார், அலபாமாவுக்கு ஆடிய முதல் கறுப்பின வீரர்களில் ஒருவர். 1973-இல் அவரையே உதவி கோச்சாக வைத்துக்கொண்டார். மூன்று பட்டம் வாங்கிய பெரிய மனுஷர், பொறுப்பிலிருந்தபடியே இன்னொருவரிடம் மாணவனாகப் போய் உட்கார்ந்திருக்கிறார். எங்கள் துறையில் நான் அபூர்வமாகவே கண்டது இது. அதற்குப் பிறகு 1973, 1978, 1979 என்று இன்னும் மூன்று பட்டம்.

அவர் செய்தது எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. அலபாமாவுக்கு வருமுன், டெக்சாஸில் கோச்சாக இருந்தபோது, 1954-இல் அங்கே ஜங்ஷன் என்ற ஊரில், கொளுத்தும் வெயிலில், பையன்களுக்குத் தண்ணீர்கூடத் தராமல் பத்து நாள் வாட்டி எடுத்தார். பாதிக்கு மேல் ஓடியே போய்விட்டார்கள். அந்தப் பருவம் 1 வெற்றி, 9 தோல்வி. இதை வீரமாகச் சொல்கிறவர்கள் உண்டு. எந்த மாஸ்டரும் இதைப் பின்பற்றக் கூடாது. வெயிலில் மயங்கி விழுந்த பிள்ளைகளைத் தூக்கியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

1982 டிசம்பரில் கடைசி ஆட்டம். நாலு வாரத்தில், 1983 ஜனவரி 26 அன்று, காலமானார். அடுத்து வந்த ரே பெர்கின்ஸ், பெரியவர் ஏறி நின்று பயிற்சியைப் பார்த்த கோபுரத்தையே இறக்கிவிட்டார். பில் கரி மூன்று வருஷமும் பக்கத்து எதிரி ஆபர்னிடம் தோற்றார். ஜங்ஷன் வெயிலில் தாக்குப்பிடித்த ஜீன் ஸ்டாலிங்ஸ் 1992-இல் பட்டம் கொண்டுவந்தார். பிறகு 2007-இல் நிக் சேபன். முதல் வருஷம் லூசியானா-மன்ரோ என்ற சின்ன அணியிடமே தோற்றவர், 2024 ஜனவரியில் ஓய்வு பெறுவதற்குள் அங்கே ஆறு பட்டம் வாங்கிவிட்டார். சேபன் காலத்தைப் பார்க்கத்தான் இளவட்டம் வருகிறது. என் பேரனும் அப்படித்தான். “தாத்தா, இதுக்கு முன்னாடி எல்லாம் எதுக்கு?” என்று இழுத்தான். கையைப் பிடித்துத் திரும்ப வேட் படத்திலிருந்து கூட்டி வந்தேன். பிறகு அவனே கேள்வி கேட்க ஆரம்பித்தான்.

மியூசியத்தோடு நிறுத்திவிடாதீர்கள். நடக்கிற தூரத்தில் லட்சம் பேர் உட்காரும் பிரையன்ட்-டென்னி அரங்கம். வாசலில் வேட், தாமஸ், பிரையன்ட், ஸ்டாலிங்ஸ், சேபன் என்று தேசியப் பட்டம் வென்ற ஐவரின் சிலை. டென்னி மணிக்கூண்டின் அடியில் அணித் தலைவர்களின் கைத்தடமும் காலணித் தடமும் சிமெண்டில் பதிந்திருக்கிறது. பேரன் தன் கையை வைத்துப் பார்த்தான், விரல் நுனி பாதித் தடத்தைக்கூட எட்டவில்லை. சாப்பாட்டுக்கு, அசைவக்காரர்கள் பிரையன்ட் வந்த அதே 1958-இல் தொடங்கிய ட்ரீம்லேண்டில் பன்றி விலாக்கறி சாப்பிடலாம்.

இலையுதிர்காலச் சனிக்கிழமை உள்ளூர் ஆட்டம் இருந்தால் ஊரே நிரம்பிவிடும், மியூசியத்தை ஆற அமரப் பார்க்க முடியாது. வார நாளில் காலையிலேயே போங்கள். திறந்திருக்கும் நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். நம் ஊர் பி.டி. மாஸ்டர் யாராவது பிள்ளைகளைப் பார்க்க அந்தப் பக்கம் போனால், கட்டாயம் ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு போங்கள்.