வாட்ஸ்அப் ஃபார்வர்டு கட்டுப்பாடு: வதந்தியை எங்கே தடுக்கிறது, எங்கே கோட்டை விடுகிறது

2018 மே மாதம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குப் போன சென்னை மூதாட்டியைப் பிள்ளை பிடிக்க வந்தவர் என்று ஒரு கும்பல் அடித்தே கொன்றது. வழியில் நின்ற குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததுதான் அவர் செய்தது. அப்போது நாடு முழுக்கச் சுற்றிய வீடியோ ஒன்றில், பைக்கில் வரும் இருவர் தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிக்கொண்டு பறப்பார்கள். அது கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். கடைசியில் அவர்களே திரும்பி வந்து, குழந்தையை இறக்கிவிட்டு, எச்சரிக்கை எழுதிய அட்டையைக் காட்டுவார்கள். அந்தக் கடைசித் துண்டை வெட்டிவிட்டுத்தான் இங்கே பரப்பினார்கள்.

அதே ஆண்டு ஜூலையில் மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் ஐந்து பேர் இதே வதந்திக்குப் பலியானார்கள். அதன்பிறகே வாட்ஸ்அப் அசைந்தது. இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து சாட்டுகளுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி செய்தது. ஐந்து கை மாறிய செய்திக்கு 2019-இல் இரட்டை அம்புக்குறி வந்தது. 2020 ஏப்ரலிலிருந்து அப்படிப்பட்ட செய்தியை ஒரு முறைக்கு ஒரே சாட்டுக்குத்தான் அனுப்பலாம். அதன்பின் அவ்வகைச் செய்திகள் 70 சதவீதம் குறைந்ததாக நிறுவனம் சொன்னது. வேகத்தடை என்ற அளவில் இது உண்மையிலேயே நல்ல ஏற்பாடு. எத்தனை கை மாறியது என்ற கணக்கு செய்தியோடே போவதால், யாருடைய செய்தியையும் வாட்ஸ்அப் படிக்க வேண்டியதில்லை.

ஆனால் ஓட்டை பெரிது. எழுத்தை காப்பி செய்து ஒட்டினாலோ, கேலரியில் சேமித்த வீடியோவைப் புதிதாக அனுப்பினாலோ அந்தக் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும், அம்புக்குறியும் இருக்காது. 'ஒரே சாட்' என்பது 1,024 பேர் இருக்கும் குரூப்பாகவும் இருக்கலாம். வேறு தளத்தில் கிளம்பும் பொய்க்கும் இது அணை போடாது. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடிப்பதாகச் சொல்லி, சம்பந்தமே இல்லாத சம்பவங்களின் வீடியோக்கள் ட்விட்டரிலும் பறந்தன. இரட்டை அம்புக்குறியைப் பார்த்து 'இவ்வளவு பேர் அனுப்பியிருக்கிறார்களே, உண்மையாகத்தான் இருக்கும்' என்று நம்புகிறவர்களும் உண்டு. அந்தக் குறி பரவலைத்தான் காட்டுகிறது, உண்மையை அல்ல. இதைக் குடும்ப குரூப்பில் இருக்கும் பெரியவர்களுக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

எங்கள் பார்வையில், அட்மின் கையிலுள்ள வசதிகளே அதிகம் உதவும். குரூப்பில் வந்த வதந்தியை அழுத்திப் பிடித்து, டெலீட் போய், 'எல்லோருக்கும்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் மற்றவர் போட்டதையும் அட்மின் நீக்கலாம். நீக்கியவர் பெயர் அங்கே தெரியும், அதற்குத் தயங்க வேண்டாம். ஊரில் பதற்றம் இருக்கும் நாட்களில் குரூப் பெர்மிஷன்ஸில் அட்மின் மட்டும் செய்தி அனுப்பும்படி மாற்றிவிடுங்கள். தெரியாதவர்கள் உங்களைக் குரூப்பில் இழுத்துப் போடாமலிருக்க, செட்டிங்ஸில் பிரைவசி, குரூப்ஸ் போய் 'மை காண்டாக்ட்ஸ்' வையுங்கள்.

வீடியோவில் சந்தேகம் வந்தால் இரண்டு மூன்று இடங்களில் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் தேடுங்கள். முகத்தைவிட கடைப் பலகை, வண்டி நம்பர் தெரியும் காட்சி நல்லது, எந்த ஊர் என்று அதிலேயே பிடிபடும். வாய்ஸ் நோட்டை இப்படித் தேட வழியில்லை. பேசுபவர் ஊர், தேதி, காவல் நிலையம் எதையும் சொல்லவில்லையென்றால் ஃபார்வர்டு செய்யாதீர்கள். சொல்லியிருந்தால் அந்த நிலையத்துக்கே போன் போட்டுக் கேளுங்கள்.