கின்னஸா, ஸ்கோஃபீல்டா?

அலெக் கின்னஸ், பால் ஸ்கோஃபீல்டு, இவர்களில் யார் சிறந்த நடிகர்? இரண்டு பேருமே மேடையிலிருந்து சினிமாவுக்கு வந்த ஆங்கில நடிகர்கள்தான். அலெக் கின்னஸுக்குக் கேமரா சட்டென்று ஒத்துப்போனது. 1949-இல் ஒரே படத்தில் எட்டு வேடம். இலங்கையில் எடுத்து 1957-இல் வெளிவந்த க்வாய் நதிப் பாலம் படத்துக்கு ஆஸ்கர். அதில் போர்க்கைதியான அதிகாரியாக, அடைத்து வைத்த தகரக் கொட்டடியிலிருந்து வெளியே வந்து, கால் தள்ளாடியும் விறைப்பு விடாமல் நடக்கிறாரே, அந்த நடை ஒன்றே போதும்.

பால் ஸ்கோஃபீல்டுக்கு மேடைதான் வீடு. 1960-இல் லண்டனில், ‘எ மேன் ஃபார் ஆல் சீசன்ஸ்’ நாடகத்தில், மன்னர் எட்டாம் ஹென்றிக்குப் பணியாமல் உயிரைக் கொடுத்த தாமஸ் மோராக நடித்தார். நியூயார்க்கின் பிராட்வே மேடையில் அதற்கே டோனி என்ற நாடக விருது. அதே நாடகம் 1966-இல் படமாக வந்தபோது ஆஸ்கர். அப்புறமாவது ஹாலிவுட்டில் தங்கினாரா? இல்லை, மறுபடி நாடகம்தான். கின்னஸ் ஏற்ற சர் பட்டத்தையும் வேண்டாமென்றார்.

வகைவகையான வேடங்களுக்குக் கின்னஸ். குரலுக்கு என்றால் என் ஓட்டு ஸ்கோஃபீல்டுக்கு: நீதிமன்றக் காட்சியில் அடங்கியே பேசும் மோர், இனி தப்ப வழியில்லை என்றான பிறகுதான் குரலை உயர்த்துகிறார்.